விடுமுறையில் ஒரு வேலை

மே மாதத்தில் வட இந்தியப் பள்ளிகளின் வாயில்கள் மூடுகின்றன. அதன்பின் ஏறத்தாழ 40 நாள்கள் மாணவர்க்கு வகுப்புகள் இல்லை. தொடர்வண்டியில் இடம் கிடைத்த குடும்பங்கள் தமிழகம் சென்று, தாத்தா பாட்டியுடன் இரண்டு வாரம் தங்கித் திரும்புகின்றன. எஞ்சிய நாள்களை எவ்வாறு கழிப்பது என்னும் வினா ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. அவ்வினாவுக்கு இக்காலத்தில் பெரும்பாலும் இரண்டு விடைகளே உள்ளன. ஒன்று தனிப்பயிற்சி வகுப்பு, மற்றொன்று கைப்பேசி. மூன்றாவது விடை ஒன்று உண்டு. அது வேலை. அவ்விடை ஏன் அரிதாகிவிட்டது என்பதையும், அதை மீட்க வேண்டுமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரு சிறுவர்

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த 15 வயது மாணவன் ஒருவன் தில்லியில் வாழ்வதாகக் கொள்ளலாம். தன் உழைப்பில் ஈட்டிய பணத்தால் ஒரு மிதிவண்டி வாங்க வேண்டும் என்பது அவன் விருப்பம். அருகிலுள்ள சந்தைக்குச் சென்று வேலை கேட்கிறான். எழுதுபொருள் கடைக்காரர் அவனுடைய வயதைக் கேட்டறிந்து, 18 வயது நிறைந்தபின் வருமாறு கூறுகிறார். கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்காரர், ஒரு மாதத்தில் சென்றுவிடும் பையனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்து என்ன பயன் என்று வினவுகிறார். துணிக்கடைக்காரர் ஒருவர் மட்டும் இசைகிறார். ஆனால் காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை கடையில் நிற்க வேண்டும் என்கிறார். அதனை வீட்டில் சொன்னதும், "நம் வீட்டுப் பிள்ளை கடையில் நிற்பதா? பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்ற குரல் எழுகிறது. அத்துடன் அவன் முயற்சி முடிகிறது.

அதே சந்தையின் முனையில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அங்கே கண்ணாடிக் குவளைகளை ஒரு சிறுவன் கழுவிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மாணவனைவிட மூன்று, நான்கு வயது இளையவன். அவனுக்கு வேலை கிடைப்பது அரிதாக இல்லை. வேலையிலிருந்து விடுபடுவதே அரிதாக இருக்கிறது.

வேலை தேடி அலையும் சிறுவனையும் வேலையில் சிக்கிய சிறுவனையும் ஒருசேர நோக்கினால்தான் இச்சிக்கலின் முழு உருவம் புலப்படும். முதலாமவனை மட்டும் எண்ணுவோர், வயது வரம்பைத் தளர்த்தினால் போதும் என்பர். இரண்டாமவனை மட்டும் எண்ணுவோர், இளையோர்க்கு வேலை என்ற பேச்சே கூடாது என்பர். இரண்டு முடிவுகளும் குறையுடையவை.

சட்டம் சொல்வது என்ன?

14 வயது நிறையாத குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ இடர் மிகுந்த பிற பணிகளிலோ அமர்த்தக் கூடாது என இந்திய அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு விதிக்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டும் குழந்தைகளைச் சேர்ப்பதைத் தடுத்தது. வீட்டு வேலையும் உணவகப் பணியும் 2006 அக்டோபரில் அத்தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டாய இலவசக் கல்வியை உறுதி செய்தது. பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் எந்தக் குழந்தையும் பணியில் இருத்தல் ஆகாது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எப்பணியிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இத்தடைக்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் குழந்தை தன் குடும்பத்தாரின் தொழிலில் உதவலாம். அத்தொழில் இடர் மிகுந்ததாக இருத்தல் கூடாது. கல்வியும் கெடுதல் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோருடன் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி போன்ற உறவினரையும் சட்டம் குடும்பம் எனவே கருதுகிறது. ஆனால் அது உதவியாகவே இருத்தல் வேண்டும். கூலிக்குச் செய்யும் பணியாக மாறுதல் ஆகாது.

14 வயது நிறைந்து 18 நிறையாதோரை அதே சட்டம் வளரிளம் பருவத்தினர் என வகைப்படுத்துகிறது. சுரங்கம், வெடிபொருள், இடர் மிகுந்த செய்முறைகள் ஆகியவற்றைத் தவிர்த்த பணிகளில் அவர்களைச் சேர்க்கலாம். அதற்கும் வரம்புகள் உண்டு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குதல் கூடாது. அதன்பின் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்து நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்குள் பணி முடிய வேண்டும். இரவு 7 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையே வேலை கூடாது. வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை வேண்டும்.

ஆகவே 15 வயது மாணவன் பகலில் சில மணி நேரம் ஒரு கடையில் பணிபுரிவது குற்றம் அன்று. சட்டம் அவனுக்கு ஒரு சிறு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. அவ்வாயிலின் வழியே அவன் நுழைய முடியாமற்போவதற்குக் காரணங்கள் வேறு.

வாயில் அடைபட்ட காரணங்கள்

முதற்காரணம் அச்சம். வளரிளம் பருவத்தினரைப் பணியில் சேர்ப்பவர் ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். பதிவேடு வைத்தல் வேண்டும். ஒரு மாதம் மட்டும் வரும் மாணவனுக்காக இத்தொல்லையை மேற்கொள்ளச் சிறு கடைக்காரர் விரும்புவதில்லை. 14க்கும் 18க்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஆராய்வதைவிட, 18 நிறையாத எவரும் வேண்டா என்று சொல்லிவிடுவது அவர்க்கு எளிது.

இரண்டாவது காரணம் போட்டி. குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்புடைய பெரியவர்களே வேலைக்குக் காத்திருக்கும் நாட்டில், விடுமுறைக்காக ஒரு மாணவனுக்கு இடமளிப்போர் சிலரே. இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவன் பெறும் இடம் ஒரு தந்தையின் அல்லது தாயின் இடமாக இருக்குமாயின், அந்த இடம் அவனுக்கு உரியதன்று.

மூன்றாவது காரணம் காலமாற்றம். 1990களில் தெருவுக்கு ஒன்றாக இருந்த தொலைபேசிக் கூடங்கள் இன்று இல்லை. வாடகை நூலகங்களும் மறைந்துவிட்டன. கணக்கு எழுதவும் சரக்கை எண்ணவும் துணைக்கு ஒரு பையனை வைத்துக்கொண்ட கடைகளில் இன்று கணினி அவ்வேலையைச் செய்கிறது. பள்ளி மாணவர் செய்யத்தக்க சிறு பணிகளே குறைந்துவிட்டன.

நான்காவது காரணம் மதிப்பைப் பற்றிய தவறான எண்ணம். கையால் செய்யும் வேலை இழிவானது என்னும் எண்ணம் படித்த குடும்பங்களில் இன்னும் நீங்கவில்லை. அமெரிக்காவில் உள்ள உறவினரின் மகன் விடுமுறையில் உணவகத்தில் தட்டுகளை எடுத்து வைக்கிறான் என்பதைப் பெருமையோடு சொல்லும் பெற்றோரே, தம் மகன் சந்தையில் ஒரு கடையில் நிற்பதை இழுக்கு எனக் கருதுகின்றனர். அந்நாட்டில் 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின் வழி, 14, 15 வயதினர் பள்ளி நாள்களில் 3 மணி நேரமும் விடுமுறை நாள்களில் 8 மணி நேரமும் வேலை செய்யலாம். உணவுத் தட்டின் எடை இரு நாடுகளிலும் ஒன்றே. வேறுபடுவது அதைச் சுமப்பவனை ஊரார் நோக்கும் நோக்கு.

அவ்விழிவுணர்ச்சியே தேநீர்க் கடைச் சிறுவனையும் அங்கேயே நிறுத்தி வைக்கிறது. தம் மகனுக்கு ஆகாத வேலையை ஓர் ஏழையின் மகனுக்கு ஆகும் என எண்ணுவதால்தான், 12 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதைச் சிலர் இயல்பாக ஏற்றுக்கொள்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 14 வயது வரையுள்ள ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியக் குழந்தைகள் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தனர். வேலை கிடைக்காத மாணவனின் குறையைப் பேசும்போது இந்த ஒரு கோடியை மறத்தல் அறமாகாது.

இரு பெரியோரின் இளமை

தமிழகம் நன்கறிந்த இருவரின் இளமைக் காலம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒருவர் அப்துல் கலாம். இரண்டாம் உலகப் போரின்போது தொடர்வண்டி இராமேசுவரத்தில் நிற்பது நிறுத்தப்பட்டது. இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகள் வீசப்பட்டன. அக்கட்டுகளைப் பிடித்துத் தருவதில், செய்தித்தாள் விற்பனை செய்துவந்த தம் உறவினருக்குச் சிறுவராயிருந்த கலாம் உதவினார். தம் முதல் ஊதியத்தை ஈட்டிய பெருமிதத்தை அவர் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். அவ்வேலை அவரைப் பள்ளியிலிருந்து பிரிக்கவில்லை.

மற்றொருவர் காமராசர். 1903இல் பிறந்த அவர் தம் தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டு, விருதுநகரில் தம் மாமாவின் துணிக்கடையில் வேலை செய்தார். கடைக்குள் நுழைந்த சிறுவர் மீண்டும் பள்ளிக்குள் நுழையவில்லை. அவர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கியபோது, ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பள்ளிகளில் மதிய உணவு வழங்கும் திட்டத்தைப் பரவச் செய்தார். தாம் இழந்ததன் விலையை அவர் அறிந்திருந்தார்.

இருவர்க்கும் உதவி செய்ய வாய்ப்பளித்தோர் உறவினரே. வேலையும் கடுமையானது அன்று. எனினும் ஒருவர்க்குப் பள்ளி தொடர்ந்தது. மற்றவர்க்குப் பள்ளி முடிந்தது. எனவே இளையோர் செய்யும் வேலையை அளக்கும் அளவுகோல் இதுவே. அவ்வேலை முடிந்தபின் சிறுவன் மீண்டும் வகுப்பறைக்குச் செல்கிறானா? செல்வானாயின் அது பயிற்சி. செல்லானாயின் அது சுரண்டல், அதைத் தருபவர் சொந்த மாமாவாகவே இருப்பினும்.

இதனாலேயே வயது வரம்பைத் தளர்த்த வேண்டும் என்னும் கருத்தை ஏற்க இயலாது. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் உழைத்த நிலை உச்சநீதிமன்றம் வரை சென்றது. இடர் மிகுந்த பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என அந்நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அத்தகைய துன்பத்தின் விளைவாகவே இன்றைய வரம்புகள் பிறந்தன. வசதியுள்ள மாணவனுக்கு ஒரு வாயிலைத் திறப்பதற்காக, ஏழைக் குழந்தையைக் காக்கும் வேலியை அகற்றுதல் கூடாது.

எழும் மறுப்புகள்

படிப்பே மாணவனின் தொழில். வேறு வேலை எதற்கு என்று சிலர் கேட்பர். வேலை கற்பிக்கும் சில பாடங்களை நூல் கற்பிப்பதில்லை என்பதே அதற்கு விடை. அறிமுகமில்லாத மனிதரிடம் பணிவாகப் பேசுதல், சொன்ன நேரத்துக்குச் செல்லுதல், தவறு நேர்ந்தால் ஒப்புக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பயிலுமிடம் பணியிடமே. 100 ரூபாயை ஈட்ட எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அறிந்தவன், தந்தையின் பணத்தைச் செலவிடும்போது ஒருமுறை தயங்குவான்.

கற்கச் செல்கிறான் என்ற பெயரில் ஊதியமின்றி வேலை வாங்கிவிடுவார்கள் என வேறு சிலர் அஞ்சுவர். இவ்வச்சம் நியாயமானது. மாணவனின் உழைப்பால் கடைக்கு வருவாய் கிடைக்குமாயின், அவனுக்கும் ஊதியம் கிடைத்தல் வேண்டும். கற்றல் மட்டுமே நோக்கமாயின், கற்பிப்பவர் அவனுக்கென நேரம் ஒதுக்குதல் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்துக்கு மாணவனை அனுப்புதல் ஆகாது.

செய்யத்தக்கவை

தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறைப் பயிற்சி புதிதன்று. 20ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் சிறு நகரங்களில்கூடத் தட்டச்சுப் பயிலகங்கள் இருந்தன. பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் இளைஞர்கள் அங்கே சேர்ந்தனர். பேச்சுவழக்கில் லோயர், ஹையர் எனப்பட்ட தேர்வுகளை எழுதினர், சுருக்கெழுத்தும் கற்றனர். அத்திறனை நம்பியே பலர் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் தொடர்வண்டி ஏறினர். இன்று அந்நகரங்களில் வாழும் தமிழ் மாணவர் சிலரின் தாத்தாக்கள் அவ்வாறு வந்தவர்களே. அவர்கள் விடுமுறையில் பணம் ஈட்டவில்லை. கையில் ஒரு தொழிலை ஏற்றிக்கொண்டனர். பல குடும்பங்களின் வாழ்வை மாற்றியது அக்கைத்திறன்.

இன்றைய விடுமுறைக்கும் அவ்வழி பொருந்தும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 10 நாள்கள் புத்தகப்பை இன்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோரிடம் மாணவர் பயில வேண்டும் என்கிறது. 12ஆம் வகுப்பு வரை விடுமுறைக் காலத்திலும் இத்தகைய வாய்ப்புகளைத் தரலாம் எனவும் கூறுகிறது. உடலுழைப்போடு கூடிய கல்வியைக் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டிலேயே வலியுறுத்தினார். ஆகவே கொள்கைக்குக் குறைவில்லை. மாணவனையும் கடைக்காரரையும் சேர்த்துவைப்பவர் இல்லை என்பதே குறை.

அப்பணியைப் பள்ளி மேற்கொள்ளலாம். ஏப்ரல் மாதத்திலேயே அருகிலுள்ள நூலகம், நாற்றுப் பண்ணை, அச்சகம், தையற்கடை, மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை ஆகியவற்றின் பட்டியலைத் தொகுக்கலாம். ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிப் பெற்றோர், கடை உரிமையாளர், தலைமையாசிரியர் ஆகிய மூவரும் கையொப்பமிடலாம். வேலை என்ன, நேரம் எவ்வளவு, ஊதியம் எவ்வளவு, பொறுப்பாளர் யார் என்பனவே அந்நான்கு. பள்ளியின் கையொப்பம் இருந்தால் கடைக்காரரின் அச்சம் பெரிதும் குறையும். 14 வயது நிறைந்தோர்க்கு மட்டுமே ஊதியப் பணி என்பதையும் அத்தாளிலேயே அச்சிடலாம். கோடை வெயில் கடுமையாதலால், நிழலில் செய்யும் பணியாகவும் முற்பகலில் முடிவதாகவும் இருத்தல் நலம்.

தமிழ்ச் சங்கங்களும் துணை நிற்கலாம். சங்க நூலகங்களில் தமிழ் நூல்களை அடுக்கவும் பட்டியலிடவும் தமிழ் எழுத்தறிந்த இளையோர் தேவை. வெளிமாநிலத்தில் வளரும் தமிழ் மாணவனிடம் பிறரிடம் இல்லாத ஒரு செல்வம் உண்டு. அவன் தமிழும் அறிவான். அவ்வூர் மொழியும் அறிவான். புதிதாக வந்த தமிழ்த் தொழிலாளிக்கு வங்கிப் படிவத்தை நிரப்பித் தரவும், மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லவும் அவனால் இயலும். ஒரு மூத்த உறுப்பினரின் மேற்பார்வையில் சங்கம் அதனை ஒரு பணியாக அமைத்துத் தந்தால், மாணவன் பெறும் பயிற்சி பெரிது. தொழிலாளிக்கும் ஒருநாள் கூலி மிஞ்சும்.

14 வயது நிறையாதோர் ஊதியம் தேடுதல் வேண்டா. வீட்டு வேலையில் பங்கு கொள்ளுதல், அண்டை வீட்டு முதியவர்க்கு உதவுதல், ஏதேனும் ஒரு கைத்திறனைக் கற்றல் ஆகியவையே அவர்களுக்குரியவை. இப்பங்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். விடுமுறை வந்ததும் பெண்பிள்ளைக்குச் சமையலறையும் ஆண்பிள்ளைக்கு விளையாட்டுத் திடலும் என்னும் பிரிவினை எவ்வகைப் பயிற்சியும் ஆகாது. 10 வயது நிறைந்த சிறுவர் தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தொடங்கித் தாமே இயக்கலாம் என 2014ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி இசைவளித்தது. பரிசாகக் கிடைக்கும் பணத்தை அதில் இட்டுவைத்துக் கணக்குப் பார்ப்பதும் ஒரு கல்வியே.

கடைமை

மிதிவண்டி வாங்க விரும்பிய மாணவனுக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஒரு நல்ல பணியிடம் கிடைக்குமானால், ஒரு விடுமுறையிலேயே அவன் பலவற்றை அறிந்துகொள்வான். மிதிவண்டியின் முழு விலை சேராமற்போகலாம். அதன் ஒரு பகுதியேனும் அவனுடையதாக இருக்கும். அக்கடையில் நிற்கும்போது அவன் தேநீர்க் கடைச் சிறுவனையும் புதிய கண்ணோடு காண்பான். தான் விரும்பி ஒரு மாதம் நிற்கும் இடத்தில், மற்றவன் விரும்பாமல் ஆண்டு முழுவதும் நிற்கிறான் என்பது அவனுக்குப் புரியும்.

புரிந்தபின் செய்யத்தக்க செயலும் உண்டு. 14 வயதுக்குட்பட்ட குழந்தை வேலையில் இருப்பதைக் கண்டால், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லலாம். ஒருவனுக்குச் சில மணி நேர வேலையையும் மற்றவனுக்கு ஒரு வகுப்பறை இருக்கையையும் தேடித் தருவதே பெரியவர்களின் கடமை. அவ்விரண்டையும் ஒரே மே மாதத்தில் செய்தல் வேண்டும்.